மஞ்சள் அம்பு காட்டிய இடத்தில்

என்னங்க,

நாற்பத்தொரு வருஷம் உங்களை இப்படித்தான் கூப்பிட்டேன். கடிதம் என்பதற்காக வேறு வார்த்தை தேடவில்லை.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். நம் தோட்டத்துத் தொழிலாளர் லயன் வீடுகளில் இரண்டு வாரமாக ஒரு பேச்சு. "பாவம் கிராணியம்மா, வயசாயிருச்சு. போன்ல என்னமோ காட்டி ஏமாத்தி கையெழுத்து வாங்கிட்டாங்க." தோட்டத்து ஆபீசில் நீங்கள் கிராணியாகக் கணக்கெழுதிய நாளிலிருந்து எனக்கு அதுதான் பெயர். என்மேல் உள்ள பிரியத்தில்தான் சொல்கிறார்கள். ஆனால் அது உண்மையில்லை. என்னை யாரும் ஏமாற்றவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, நல்ல சுயநினைவோடு, என் விரலால் நானே அழுத்தினேன். ஆறு தடவை.

வருஷா வருஷம் உங்கள் நினைவு நாளில் இந்தப் பத்திரிகையில் உங்கள் படத்தையும் அதன் கீழே நான்கு வரியையும் போடுவேன். இந்த வருஷம் படம் இல்லை, கடிதம். நாலு பேர் பார்க்க நடந்த தவற்றை நாலு பேர் படிக்கும்படிதான் சொல்ல வேண்டும்.

பொங்கலுக்கு நம் சுமதி கோலாலம்பூரிலிருந்து வந்திருந்தபோது என் போனில் கையெழுத்தை அமைத்துக் கொடுத்தாள். "இப்ப எல்லா ஃபாரமும் போன்லதான்மா வருது. ஒரு தடவ செட் பண்ணிட்டா போதும், தானா ராத்தா டவுனுக்கு பஸ் ஏறிப் போக வேணாம்" என்றாள். அதற்கு மூன்று வழிகள் இருந்தன. பெயரைத் தட்டினால் போனே சாய்வெழுத்தில் எழுதிக் காட்டும். அது என் கையெழுத்தில்லையே என்றேன். "யாரும்மா பாக்கப் போறா?" என்றாள். நான் பார்ப்பேன் என்றேன். விரலால் போன் கண்ணாடியிலேயே எழுதலாம். எழுதினேன். முதல் எழுத்தே உடைந்த குடைக்கம்பி போல வந்தது. பதினொரு முறை அழித்தேன்.

மூன்றாவது வழிதான் எனக்குப் பிடித்தது. வெள்ளைத் தாளில் பேனாவால் கையெழுத்திட்டு அதைப் படமெடுக்க வேண்டும். நீங்கள் வாங்கித் தந்த பேனாவில் மை நிரப்பி எழுதினேன். தாளின் வெள்ளையை நீக்கிவிட்டு எழுத்தை மட்டும் போன் எடுத்துவைத்துக்கொண்டது. கான்வென்ட்டில் சிஸ்டர் விரல் முட்டியில் தட்டித் தட்டிப் பழக்கிய கையெழுத்து, ஒரு கோடு பிசகாமல், கண்ணாடிக்குள். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்பதை உங்களிடம் மட்டும் மறைக்க முடியாது.

அடுத்த மாதமே அதற்கு வேலை வந்தது. நிர்வாகம் தோட்டத்துக்குக் கீழே புது வீடுகள் கட்டுகிறது. லயனில் இருக்கும் ஓய்வு பெற்றவர்கள் அங்கே மாறச் சம்மதம் தர வேண்டும். சம்மதப் பத்திரம் மலாயில், போனில். கையெழுத்துத் தெரியாதவர்களுக்குச் சாட்சி ஒருவர் வேண்டும். அப்படிப்பட்ட ஆறு பேரும் என்னைத்தான் கேட்டார்கள். உங்கள் மனைவி என்ற நம்பிக்கை, வேறென்ன?

கோயில் முன்னால்தான் போனுக்கு லைன் நன்றாகக் கிடைக்கும். அங்கே குடை பிடித்து நின்றோம். ஆபீசில் இன்று உங்கள் நாற்காலியில் உட்காரும் கவிதா ஒவ்வொருவர் பத்திரத்தையும் திறந்து நீட்டினாள். "விரலால போடுங்க பாட்டி" என்றதும் ஆறு பேரில் ஒருவரான மாரியாயி அக்கா கட்டைவிரலைக் கண்ணாடியில் அழுத்தி, மூச்சைப் பிடித்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உருட்டினார். உங்கள் ஊதா மைப் பெட்டியில் பழகிய விரல் அல்லவா.

"மை இல்லாம எப்படி விழும் தாயி?"

"அதெல்லாம் விழும்லா."

விழுந்தது ஒரு கறுப்புப் புள்ளி. மிளகு அளவு. "இவ்வளவுதானா நானு?" என்று அக்கா சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். போன் அந்தப் புள்ளியைக் கையெழுத்தாக ஏற்றுக்கொண்டது.

பிறகு என் போனில் என் முறை. மழை தூற ஆரம்பித்திருந்தது. பத்திரத்தைத் திறந்ததும் ஒரு மஞ்சள் அம்பு வந்தது. அதைத் தொட்டால் பக்கங்கள் எல்லாம் ஓடிப்போய்ச் சாட்சியின் கட்டத்தில் நின்றன. "அம்பு காட்டுற எடத்துல அழுத்துங்கம்மா, போதும்" என்றாள் கவிதா. அழுத்தினேன். என் அழகான கையெழுத்து வந்து உட்கார்ந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. ஆறும் முடிய, ஒருவர் குடையை மடக்கி விரிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

மழையைக் குறை சொல்லமாட்டேன். அம்பையும் சொல்லமாட்டேன். அது வழிதான் காட்டியது, கையைப் பிடித்து இழுக்கவில்லை.

அன்று மதியம் பத்திரத்தின் பிரதி என் போனுக்கு வந்தது. எதற்குத் திறந்தேன் தெரியுமா? என் கையெழுத்து எப்படி விழுந்திருக்கிறது என்று பார்க்க. பார்த்து ரசித்த பிறகு, கண் தானாக மேலே போயிற்று. சாட்சியின் பெயருக்கு மேல் இருந்த வரி: இந்தப் பத்திரத்தை இவருக்குத் தெரிந்த மொழியில் நான் முழுவதும் படித்துக் காட்டினேன், இவர் புரிந்துகொண்டார். அதன் பிறகுதான் முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஏழாம் பக்கத்தில் இருந்தது: நிர்வாகம் கேட்டால் ஒரு மாதத்துக்குள் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புது வீடு தயாராகியிருக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை.

மாரியாயி அக்கா அந்த ஒரு மாதத்தில் எங்கே போவார்? இந்த லயனைத் தவிர அவருக்கு வேறு கூரை ஏது?

சுமதியைக் கூப்பிட்டேன். "யாரோ உங்க போனை எடுத்து அழுத்திட்டாங்கன்னு சொல்லிடுங்கம்மா. பத்திரம் செல்லாமப் போயிரும். வயசானவங்க, உங்கள யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க லா." பிள்ளை கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் ஆறு பேரும் தப்பிப்பார்கள். ஆனால் அன்று என் பக்கத்தில் போனோடு நின்றவள் கவிதா ஒருத்திதான். "யாரோ" என்பது அவள்தான் என்று ஆபீசில் எல்லோருக்கும் புரியும். அவள் வேலை போய்விடும். நான் மட்டும் பாவப்பட்ட கிழவியாகவே இருந்துவிடலாம்.

மறுநாள் காலையில் மாரியாயி அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மரக்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். கத்தி நிற்கவில்லை.

"எனக்கே தோணுச்சு கிராணியம்மா. ஐயாவா இருந்தா மொதல்ல படிச்சுக் காட்டி, 'இப்ப நீ திருப்பிச் சொல்லு'ம்பாரு. சொன்னாத்தான் மைப் பெட்டியத் தெறப்பாரு. நீங்க கேக்கலியேன்னு பாத்தேன்."

"அப்ப ஏன் அக்கா ஒண்ணும் சொல்லல?"

"மழ வருதே. அதோட, நீங்க இங்கிலீஷ் படிச்சவங்க. உங்களப் போயி நான் கேக்கவா?"

கான்வென்ட்டில் பட்ட அடி எதுவும் இப்படி வலித்ததில்லை.

அந்த "திருப்பிச் சொல்லு" எனக்கு எப்படி மறந்தது? எத்தனை தடவை அதற்காக உங்களைக் கடிந்திருக்கிறேன். சோறு ஆறுகிறது, ஒரு விரலை வைக்க இத்தனை நேரமா என்று. மண்ணெண்ணெய்த் துணியால் அவர்கள் விரலைத் துடைத்துவிட்ட பிறகும், "இன்னும் ஏதாச்சும் கேக்கணுமா?" என்பீர்கள். பேனா மூடியைக் கழற்றி, முள்ளைச் சோதித்து, தாளை ஒற்றி எடுக்கும் நேரத்தில் எனக்கும் ஒரு வரியாவது கண்ணில் படும். போனில் அந்த நேரம் இல்லை. அதை நாம்தான் கொண்டுபோக வேண்டும் போலிருக்கிறது.

ஆகவே நிர்வாகத்துக்குப் பேனாவால் எழுதினேன். ஆறு பத்திரங்களிலும் படித்துக் காட்டியதாகச் சாட்சி சொன்னேன், அது பொய், பொய் சொன்னது நான், ஆகவே அந்த ஆறும் செல்லாது என்று. ஆபீசுக்கு நடந்தே போய்க் கவிதாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு அவள் கண் கலங்கினாள்.

"அம்பைச் சொன்னது நான்தானேம்மா. என்னச் சொல்லியிருக்கலாமே."

"உன் பேர் அந்தக் கட்டத்துல இல்ல, என் பேர்தான் இருக்கு. வாங்கிக்கிட்டேன்னு இந்தப் பிரதியில ஒரு கையெழுத்துப் போடு. படிச்சிட்டுப் போடு."

போட்டாள். தோட்ட மேனேஜர் துரை வெளியே வந்து அன்பாகத்தான் பேசினார். "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்மா, யாரையும் அவசரமா காலி பண்ணச் சொல்ல மாட்டோம், கவலப்படாதீங்க." தேநீர்கூடக் கொடுத்தார். எழுத்தில் மட்டும் ஒன்றும் கொடுக்கவில்லை.

போனின்மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைத் தூக்கி எறியவும் போவதில்லை. ஆனால் சேமித்துவைத்த அந்தக் கையெழுத்தை அழித்துவிட்டேன். இனி ஒவ்வொரு முறையும் விரலால்தான் எழுதுவேன், குடைக்கம்பி போல் வந்தாலும் சரி. எனக்கு மெதுவாகத்தான் வருகிறது. அது நல்லதுதான். இனி யாருக்குச் சாட்சி நின்றாலும், அவர்கள் என்னிடம் திருப்பிச் சொல்லும்வரை என் விரல் கண்ணாடியில் படாது. இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களிடமிருந்து பதில் வராது என்று எனக்குத் தெரியும். துரையிடமிருந்து வரலாம். அவரும் இந்தப் பத்திரிகை வாங்குகிறவர். துரை ஐயா, புது வீட்டுச் சாவி கையில் கிடைக்கும்வரை இந்த ஆறு பேரும் லயனிலேயே இருக்கலாமா? ஆம் அல்லது இல்லை என்று, உங்கள் பெயரும் கையெழுத்தும் இட்டு, தயவுசெய்து எழுத்தில் பதில் தாருங்கள்.

உங்கள் மனைவி,
கமலம்