கழற்றாத ஷூ

செவ்வாய், இரவு

சின்ன வயதிலிருந்து டிவியில் பார்த்த பேட்ஸ்மேனின் காலை இன்று என் கையால் அளந்தேன். ரிடையர் ஆகிவிட்டவர். ஆம்பூரில் எங்கள் ஃபேக்டரிக்கு ஷூ செய்துகொள்ள வந்திருந்தார். வெறுங்காலோடு அட்டைமேல் நிற்கவைத்து, பென்சிலால் சுற்றி வரைந்தேன். சூப்பர்வைசர் செல்வி அக்கா பார்த்துவிட்டு, “இன்னாடி, கை நடுங்கிடுச்சா? இடது கால் கோணலா இருக்குது, திரும்ப வரை” என்றாள்.

“அவங்க சரியாத்தான் வரைஞ்சிருக்காங்க” என்று அவர் சிரித்தார். “யார்க்கர் பந்து நேரா வந்து பட்டு விரல் ஒடிஞ்ச கால் அது.”

“அப்புறம் ஆடலையா சார்?” என்றேன்.

“ஆடினேன். ஷூவைக் கழட்டினா வீங்கிடும், மறுபடி போட முடியாது. லேஸை இறுக்கிக் கட்டிக்கிட்டு சாயந்திரம் வரைக்கும் நின்னேன்.”

எந்த மேட்ச் என்று சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதை நாங்கள் வீட்டில் பார்த்தோம். அவர் குனிந்து லேஸ் கட்டியபோது, “வேணும்னே டைம் கடத்துறான்” என்று அப்பா டிவியைப் பார்த்துக் கத்தினார்.

ஒடிந்த விரலோடு சாயந்திரம் வரை! இன்னும் நம்ப முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு எழுந்தபோது, “எந்தக் காலு?” என்று மட்டும் கேட்டார்.