எடைக்குப் போடாத புத்தகங்கள்

ஞாயிறு, மதியம்

அன்புள்ள ஆல்ட்டோ,

கர்த்தருடைய தயவால் இங்கே மூன்று பேரும் சுகம். நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்பி எழுத உட்கார்ந்தேன். பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள் என்று உனக்கு வைத்த இந்தப் பட்டப்பெயரை இன்னும் சொல்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருக்கும். போனில் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை உன் எண்ணை எடுத்தேன். உன் குரல் கேட்டால் அழுதுவிடுவேன் என்று வைத்துவிட்டேன். பயப்படாதே, கெட்ட செய்தி இல்லை. பத்து வருஷமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஒன்று போன வாரம் இறங்கிவிட்டது.

உன்னிடம் இருக்கிற அந்த இரண்டு அட்டைப்பெட்டிகளைப் பற்றி இவரிடம் சொல்லிவிட்டேன்.

உனக்குத் தெரிந்த கதைதான். ஆனாலும் முதலிலிருந்து எழுதுகிறேன், எழுதிப் பார்த்தால்தான் நான் செய்தது எனக்கே புரியும் போலிருக்கிறது. இவர் ஞானஸ்நானம் எடுத்த வருஷம், அலமாரியில் இருந்த நாவல்களையும் பாட்டுக் கேசட்டுகளையும் தரையில் பரப்பி வைத்து, இனிமேல் வேதம் ஒன்று போதும், இதையெல்லாம் எடைக்குப் போட்டுவிடு என்றார். அச்சகத்தில் நாள் முழுக்க மெய்ப்புத் திருத்திவிட்டு, வீட்டுக்கு வந்தும் புத்தகத்தைக் கீழே வைக்காத மனுஷன். கோபமாகச் சொல்லவில்லை. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். நான் சரி என்றேன். ஆட்டோ பிடித்து நேரே உன் வீட்டில் கொண்டுவந்து இறக்கினேன். சாயங்காலம், போட்டாச்சா என்று கேட்டார். ஆச்சு என்றேன். அந்த ஒரு வார்த்தையின் மேல் உட்கார்ந்துகொண்டுதான் இத்தனை வருஷமும் ஜெபம் பண்ணினேன்.

அடுத்த வருஷம் நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனால் எழுத வேண்டும். அன்றைக்கு நான் வாயைத் திறக்கவில்லையே. சனிக்கிழமைகளில் நீ இசைக்குழுவோடு மேடையேறி சினிமாப் பாட்டுப் பாடுகிறாய் என்று சபைக் கூட்டத்தில் யாரோ சொல்ல, சபைச் செயலாளர் என்ற முறையில் இவர் எழுந்து, மேடையா ஆராதனையா, ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். நீ பாட்டுப் புத்தகத்தைப் பெஞ்சில் வைத்துவிட்டுப் போனாய். ஆறே மாதத்தில் பஸ் டிப்போவில் மாற்றல் கேட்டு வாங்கி ஊரையே விட்டாய். போகும்போது, உன்னைக் குழுவிலிருந்து இறக்கின மனுஷனுடைய புத்தகங்களை உன் சாமான்களோடு லாரியில் ஏற்றிக்கொண்டு போனாய். எடுத்துப் போ என்று நான் கேட்கக்கூட இல்லை.

இனி இங்கத்திய சேதி. சபைக்குப் புதுப் போதகர் வந்திருக்கிறார். முன்பு வானொலியில் செய்தி வாசித்தவராம், அறிவிப்புகளைக்கூடப் புயல் எச்சரிக்கை மாதிரி வாசிப்பார். அவர் வந்ததும் சனிக்கிழமை நாலு மணிக்கு, ஆலயத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன ஹாலில் ஒரு கூட்டம் ஆரம்பித்தார். ஒரு வாரம் சினிமா, ஒரு வாரம் புத்தகம், ஒரு வாரம் பாட்டு. பார்த்து முடித்ததும் இது நல்லதா கெட்டதா என்று கேட்கமாட்டார். இந்தக் கதை நம்மை எதை நேசிக்கச் சொல்கிறது என்று கேட்பார். பிறகு நம் விசுவாசத்தோடு அது எங்கே கை குலுக்குகிறது, எங்கே முட்டிக்கொள்கிறது என்று பேச்சு வளரும்.

ஒரு வாரம் ஏதோ ஒரு படத்தில் வரும் வயலின் இசையைப் போட்டார். மணியடிக்கிற கோயில்பிள்ளை இருக்கிறாரே, பத்து வார்த்தை சேர்ந்தாற்போல் பேசாதவர், அவர் எழுந்தார். மனைவிக்கு ஆபரேஷன் முடிந்து கண் திறந்தபோது பக்கத்துக் கட்டில் ரேடியோவில் இதுதான் ஓடிக்கொண்டிருந்ததாம். தனக்கு இது ஸ்தோத்திரப் பாட்டு என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு உன் ஞாபகம் வந்தது.

இவர் அந்தப் பக்கமே வரவில்லை. கமிட்டியில் இரண்டு தடவை ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார். பாப்பா மட்டும் என்னோடு வருவாள். நீ போகும்போது முன்பல் விழுந்திருந்தவள், இப்போது பதினாறு வயசு. என்னைவிட உயரம். வாய் மட்டும் அப்பா மாதிரி, திறந்தால் தீர்ப்புதான்.

போன மாதம் மெத்தையை வெயிலில் போட இவர் தூக்கினபோது, அவள் கட்டிலில் ஒரு நாவல் கிடைத்தது. சிறையில் இருக்கிற அண்ணனைப் பார்க்க மாதம் ஒருமுறை பஸ் ஏறிப் போகிற பெண்ணின் கதை. அந்த அண்ணன் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தை, கடவுளையும் விட்டுவைக்கவில்லை. யார் கொடுத்தது என்று இவர் கேட்டார். போதகர் கொடுத்தார் என்றாள். இவர் புத்தகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். அந்த ஞாயிறு பாப்பா ஆராதனைக்கு வரவில்லை. அப்பாவுடைய சபைக்கு இனி வரமாட்டேன், படிப்பு முடிந்தால் இந்த வீட்டிலும் இருக்கமாட்டேன் என்று என்னிடம் சொன்னாள். கத்திச் சொல்லவில்லை. பரீட்சைத் தேதி சொல்கிற மாதிரி சொன்னாள். நீ பெஞ்சில் புத்தகத்தை வைத்தது என் கண் முன்னால் வந்து நின்றது.

இவர் நேரே போதகரிடம் போய், கூட்டத்தை நிறுத்த வேண்டும் என்று புத்தகத்தை மேஜையில் வைத்திருக்கிறார். போதகர் முழுக்கப் படித்தீர்களா என்று கேட்டாராம். இல்லை. அப்படியானால் படித்துவிட்டு வாருங்கள், சனிக்கிழமை முழு நேரமும் உங்களுக்குத்தான், என்ன குறை என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள் என்றாராம்.

மூன்று நாள் படித்தார். கையில் சிவப்புப் பேனா. அவர் குளிக்கப் போகும்போது நான் திருட்டுத்தனமாகப் புரட்டிப் பார்ப்பேன். முதல் நாற்பது பக்கம் அம்மை போட்ட உடம்பு மாதிரி ஒரே சிவப்பு. எண்பதுக்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றும். நூற்றியிருபதுக்குப் பிறகு அச்சுப்பிழைகளை மட்டும் திருத்தியிருந்தார். கடைசி முப்பது பக்கத்தில் பிழை இருந்தும் திருத்தவில்லை. இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியவில்லை. ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தினமும் அறுபது பேருக்கு நரம்பு தேடி ஊசி குத்துகிறவள் நான். அந்தச் சனிக்கிழமை எனக்கு நரம்பே அகப்படவில்லை என்று மேற்பார்வையாளர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

ஹாலில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். எப்படியோ கெஞ்சிப் பாப்பாவையும் அழைத்துவந்திருந்தேன். இவர் எழுந்து தாளைப் பிரித்தார். இந்தப் பக்கத்தில் இந்த வார்த்தை, அந்தப் பக்கத்தில் தேவதூஷணம் என்று நாலைந்து வாசித்தார். பிறகு நிறுத்திவிட்டார். தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வேறொன்றைச் சொன்னார்.

அச்சகத்தில் சேர்ந்த புதிதில் ஒரு நாவலுக்கு மெய்ப்புப் பார்த்தாராம். தன் மகனைக் கொன்றவனை, வெள்ளத்தில் அக்கரை கொண்டுபோய்ச் சேர்க்கிற ஒரு படகோட்டியின் கதை. எழுதினவருக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனால் மன்னிப்பு என்று ஒன்று உண்டு என்பதை அங்கேதான் முதலில் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் கல்யாணமாகி மாமியார் வீட்டில் வேதத்தைத் திறந்தேன் என்றார். கல்யாணமான இத்தனை வருஷத்தில் இதை என்னிடம் சொன்னதில்லை.

"என்னை முழங்காலில் நிறுத்தின புத்தகம் அது. அதையே நான் எடைக்குப் போட்டுட்டேன்," என்றார். அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பாப்பா எழுந்து, வரிசை தாண்டிப் போய் அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்க்கவில்லை.

திரும்பும்போது அவளை முன்னால் அனுப்பிவிட்டு, பஸ் நிறுத்தத்தில் வைத்துச் சொன்னேன். அன்றைக்கு நான் எடைக்குப் போடவில்லை, உங்களிடம் பொய் சொன்னேன், எல்லாம் பத்திரமாக இருக்கிறது என்றேன். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன் பார். வந்த பஸ்ஸில் ஏறாமல் நடந்தே போய்விட்டார். இரண்டு நாள் பேச்சில்லை. தப்பில்லை. பத்து வருஷம் ஒருத்தரை ஒன்றை நம்பவைத்துவிட்டு, ஒரே நிமிஷத்தில் மன்னித்துவிடு என்றால் எப்படி.

மூன்றாம் நாள் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். வாசற்படியில் வந்து நின்றார். "செல்லரிச்சிருக்குமா?" என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும். தலையணை உறையை முகத்தில் வைத்துக்கொண்டேன். அவரும் கட்டிலில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார். கோணல்மாணலாகத்தான்.

யார் வீட்டில் இருக்கிறது என்று பிறகுதான் கேட்டார். உன் பெயரைச் சொன்னேன். மடித்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது. எப்போதிலிருந்து என்றார். முதல் நாளிலிருந்து என்றேன். அதற்குப் பிறகுமா என்றார். எதற்குப் பிறகு என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆமாம் என்றேன். மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தார்.

ஆள் முழுக்க மாறிவிட்டார் என்று நினைத்துவிடாதே. அந்தச் சிறை நாவலில் இரண்டு பக்கத்தை வெட்டியே ஆக வேண்டும் என்று இன்றைக்கும் சொல்கிறார். பாப்பா விடமாட்டாள். அந்த அண்ணன் மனந்திரும்பினானா இல்லையா என்று சாப்பாட்டு மேஜையில் தினமும் வழக்கு நடக்கிறது, சோறு ஆறிப்போகிறது. ஆறட்டும். இன்று காலை மூன்று பேரும் ஒன்றாகத்தான் ஆராதனைக்குப் போனோம்.

உனக்கு அவரே கடிதம் எழுத உட்கார்ந்தார். ஊரார் எழுதின வாக்கியத்தை எல்லாம் திருத்துகிறவருக்குத் தன்னுடையது ஒன்று நேராக வரவில்லை. நாலு தாளைக் கிழித்துவிட்டு, நீயே எழுது என்று என்னிடம் தள்ளிவிட்டார். என்ன எழுதட்டும் என்று கேட்டேன். "வரச் சொல்லு. வந்து என்னைத் திட்டட்டும். நான் பதில் பேசமாட்டேன்," என்றார். அப்படியே எழுதிவிட்டேன். என் பங்குக்கும் ஒன்று: அன்றைக்கு நான் பேசியிருக்க வேண்டும், ஆல்ட்டோ.

அதனால் அந்தப் பெட்டிகளைப் பார்சலில் அனுப்பிவிடாதே. கனமான பெட்டிகள், வழியில் கிழிந்துவிடும். நீயே கொண்டு வா. டிப்போவில் லீவு கிடைக்காது என்று சாக்குச் சொல்லாதே, இத்தனை வருஷத்தில் நீ எடுக்காத லீவே நிறைய இருக்கும். பாப்பாவின் அறையில் இன்னொரு கட்டில் போட்டாயிற்று. நீ பாட வேண்டும் என்று யாரும் கேட்கமாட்டார்கள், நானும் கேட்கமாட்டேன். வந்தால் போதும்.

கிளம்புகிற நேரமும் வந்து சேர்கிற நேரமும் கர்த்தர் உன்னோடு இருக்கட்டும். எந்த பஸ் என்று மட்டும் எழுது, நாங்கள் மூன்று பேரும் வந்து நிற்கிறோம்.

என்றும் உன் பக்கத்தில் நின்று பாடினவள்