துருவப் படத்து நாய்கள்

மார்கழி 5, சனி.

மகளின் பள்ளிக் கண்காட்சிக்காக, அந்தக் காலத்தில் தென்துருவத்துக்குப் போனவர்களின் படங்களை ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரின்ட் எடுத்து வந்தேன். தாடியில் பனி உறைந்த ஆட்கள், பக்கத்தில் வண்டி இழுக்கிற நாய்கள். படத்துக்குக் கீழே எழுதியிருந்ததை ராத்திரிச் சாப்பாட்டின்போது சத்தமாக வாசித்தேன். சாப்பாடு போதாமல் அந்த நாய்களையே கொன்று தின்றார்களாம்.

சோறு பிசைந்துகொண்டிருந்த என் வீட்டுக்காரருக்குக் கை நின்றுவிட்டது. "சீ! ஏட்டி, கூடவே உழைச்ச சீவனத் திங்க எப்படி மனசு வந்துச்சு? இவனுவல்லாம் மனுசனுவளா?" கண்கூடக் கலங்கிவிட்டது.

நான் படத்தை வைத்துவிட்டு இவரைப் பார்த்தேன். எங்கள் நாய் நேற்று ஈன்ற குட்டிகளில் இரண்டுக்கு உடம்பில் கறுப்புப் புள்ளி. "வெள்ளையா இல்லாட்டி ராஜபாளையம் நாய்னு எவன் வாங்குவான்? நம்ம பேருல்லா கெடும்" என்று காலையில் அந்த இரண்டையும் சாக்கில் கட்டிக் கண்மாயில் முக்கிக் கொன்றவர் இவர்தான்.

"அவனுவளுக்காவது பசி" என்றேன்.

"அது வேற, இது வேற. மோர ஊத்து" என்றார்.

ஊற்றினேன். சாக்கை வீணாக்காமல் திரும்பக் கொண்டுவந்து அலசிக் கொடியில் போட்டிருக்கிறார். தாய் அதன் அடியிலேயே உட்கார்ந்திருக்கிறது.