துடைத்தவள் மேல் விழுந்த பழி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். மாமாவும் பிள்ளைகளும் நலம். எனக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போன் இருக்கக் கடிதம் எதற்கென்று நினைப்பாய். வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதனால்தான்.

எங்கள் நூலகத்துப் புத்தக விவரமெல்லாம் நீ அமைத்துக் கொடுத்த சர்வரில்தானே இருக்கிறது. போன வாரம் வழக்கமான பக்கம் திறக்கவில்லை. நீ அனுப்பிய குறிப்பை வைத்துக்கொண்டு, கட்டளை அடிக்கும் அந்தக் கறுப்புத் திரையைத் திறந்தேன். நீ சொன்ன கட்டளையை சர்வர் பெயரோடு அடித்தேன். எழுத்தெல்லாம் அழகாக வந்தது. அடுத்துக் கடவுச்சொல் கேட்டது. அடித்தால் ஓர் எழுத்துகூடத் திரையில் வரவில்லை. ஒரு புள்ளிகூட இல்லை. விசைகளைக் குத்து குத்தென்று குத்தினேன். அனுமதி இல்லை என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டது. பின்னால் என் கீழ் வேலை செய்பவர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். கம்ப்யூட்டர் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்று அவர்களிடம் நான் அளந்து வைத்திருந்தது உனக்குத் தெரியாது.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் கீபோர்டு கோணல் என்றேன். உள்ளே ஈரம் இறங்கி, விட்டு விட்டு வேலை செய்கிறது என்று தீர்ப்பும் சொன்னேன். காலையில் மேசை துடைத்த பெண்ணைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் பிடிபிடியென்று பிடித்தேன். “ஈரத்துணி போடலம்மா, காஞ்ச துணியாலதான் தொடச்சேன்” என்று இரண்டு தடவை சொன்னாள். உன் கை பட்ட எதுவும் விளங்காது என்றேன். எழுதவே கை கூசுகிறது. ஆனால் அதைத்தான் சொன்னேன்.

துப்புரவுக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரர் அன்றே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். போகும்போது அவள் என்னிடம், “புதுசா வர்றவங்ககிட்ட இந்த மேசையத் தொட வேணாம்னு சொல்லிடுங்கம்மா, பாவம்” என்றாள். குத்தலாகச் சொல்லவில்லை. நிஜமாகவே சொன்னாள்.

புதுக் கீபோர்டு வந்தது. அதிலும் எழுத்து வரவில்லை. சலித்துப்போய் ஒரே ஒரு தடவை ஒழுங்காக அடித்து என்டர் தட்டினேன். சர்வர் உள்ளே விட்டுவிட்டது. அடுத்தவர் கண்ணில் படக் கூடாதென்று கடவுச்சொல்லை அது காட்டுவதே இல்லையாமே. உன் குறிப்பின் பின்பக்கத்தில் எழுதித்தான் இருந்தாய். நான்தான் திருப்பிப் பார்க்கவில்லை.

“புதுக் கீபோர்டு போட்டதும் சரியாயிடுச்சு பாத்தீங்களா மேடம்” என்றார் உதவியாளர். நான் தலையாட்டினேன். தம்பி, திட்டியதைவிட அந்தத் தலையாட்டல்தான் என்னைத் தின்கிறது. எல்லோரும் போன பிறகு பழைய கீபோர்டை மாட்டிப் பார்த்தேன். ஒரு விசைகூடப் பழுதில்லை.

சர்வரில்தான் கோளாறு என்று எங்கள் அதிகாரிக்கு நீ ஒரு மெயில் போட்டால் அவளும் தப்பிப்பாள், என் மானமும் தப்பும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தைத் தொடங்கினேன். அப்படிக் கேட்டு எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நீ எதுவும் அனுப்பாதே.

திங்கட்கிழமை அந்த இடத்துக்கு வேறு ஆளை நிரந்தரமாகப் போட ஒப்பந்தக்காரர் வருகிறார். அதற்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய், அவளைக் கையோடு அழைத்து வந்து, அதே ஆட்கள் முன்னால் அதே மேசையருகே தப்பு என்னுடையது என்று சொல்ல வேண்டும். வருவாளோ என்னவோ. கதவைச் சாத்தினாலும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

பெரியவர்கள்தான் ஆசி சொல்ல வேண்டும் என்பார்கள். இந்த ஒரு தடவை நீ எனக்குச் சொல். அவள் முன்னால் நிற்கும்போது என் வாய் திறக்க வேண்டும் என்று வேண்டிக்கொள். திட்டுவதற்கு அது தானாகவே திறந்தது.

உன் அக்கா