பனியனுக்குள் போன இங்கிலீஷ்

காதர்பேட்டை, திருப்பூர்
12-9-1972

அன்பு மகள் வசந்தாமணிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் அவருடைய கோபமும் நல்ல சுகம். அங்கே மெட்ராசில் நீயும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன், ஆனால் உன் ஹாஸ்டல் சாம்பாரை எந்தச் சாமியாலும் ஒன்றும் செய்ய முடியாது, பார்சலில் பருப்புப் பொடி வைத்திருக்கிறேன், நெய் விட்டுச் சாப்பிடு. உன் கடிதம் வந்தது. அமெரிக்காக் காலேஜில் சேர எழுதுகிற பரீட்சையில் போன தடவை கணக்கு நன்றாக வந்தும் இங்கிலீஷ் வார்த்தைப் பகுதி காலை வாரிவிட்டது, அடுத்த மாதம் மறுபடி எழுதுகிறேன், லீவில் அட்டைகளில் எழுதிவைத்த வார்த்தைகளை உடனே அனுப்பு என்று கேட்டிருந்தாய். என்ன பரீட்சையோ கண்ணு. நூலுக்குப் பனியன் என்றால் மாவுக்கு என்ன என்கிற மாதிரி கேட்பான் என்றாய். தோசை என்று சொல்ல அமெரிக்காவுக்கா போக வேண்டும். எதிர்ச்சொல் வேறு கேட்பானாம். நம் பக்கம் வந்து, சம்பந்தி என்றால் உறவா பகையா என்று கேட்டுப் பார்க்கட்டும், அவனே ஃபெயிலாகிவிடுவான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன், திட்டாதே. உன் அட்டைகள் பனியனுக்குள் போய்விட்டன. மடித்த பனியன் விறைப்பாக நிற்க உள்ளே வைக்கிற அட்டையைத்தானே நம் பனியன் கம்பெனியில் திருடி எழுதினாய், எழுதினவள் பெட்டியில் வைத்துப் பூட்டாமல் மடிக்கிற மேஜை மேலேயே விட்டுவிட்டுப் போனாய். முத்தாத்தாள் பனியன் மடிக்கிறவள், அட்டையைக் கண்டால் உள்ளே வைப்பாளா, எடுத்துப் படிப்பாளா. கேட்டதற்கு, "கம்பெனி அட்டைன்னு நெனச்சுட்டனுங்கக்கா, ஆரோ கிறுக்கி வெச்சிருந்தாங்க, பாக்கறவங்க என்ன நெனப்பாங்கன்னு கிறுக்கின பக்கத்தை உள்ளார வெச்சு மறைச்சுட்டனுங்க" என்கிறாள். அத்தனை பொறுப்பு. உன் கடிதம் வந்ததற்கு முந்தின நாளே ஒரு மூட்டை பாட்னாவுக்குப் போய்விட்டது. மற்றதெல்லாம் கல்கத்தாவுக்கு, கடிதம் வந்த அன்றைக்கே சாயங்காலம் கிளம்புகிற லாரியில்.

பயந்துகொண்டேதான் உன் அப்பாவிடம் போய்ச் சொன்னேன். இந்தத் தடவையும் மார்க் வராவிட்டால் ஊருக்கு வந்து அத்தை மகன் குமாரவேலுக்குக் கழுத்தை நீட்டுகிறேன் என்று நீதான் வீறாப்பாக அவரிடம் ஒப்புக்கொண்டு போயிருக்கிறாய். குமாரவேல் நல்ல பையன்தான், அவன் வாயைத் திறந்தால் நமக்குக் கொட்டாவி வருகிறது, அவ்வளவுதான். லாரி கிளம்பினால் இவர் ஜெயித்த மாதிரி. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று சிரிப்பார் என்றுதான் நினைத்தேன். மனுஷன் உடனே எழுந்தார். சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளில் லாரி ஆபீசுக்குப் போய், ஏற்றின மூட்டைகளை இறக்கி, வண்டி பிடித்துத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். துர்கா பூஜைக்குள் சரக்கு வராவிட்டால் இனி உன்னிடம் வாங்கமாட்டேன் என்று கல்கத்தா சேட்டு அடித்த தந்தி இவர் சட்டைப் பையிலேயே இருக்கிறது. மடிப்பு கொஞ்சம் கோணினாலே கத்துகிற ஆள், தரையில் சம்மணம் போட்டு ஒவ்வொரு பனியனாகப் பிரித்து உதறினார். இங்கிலீஷ் நேராக இருக்கிறதா தலைகீழாக இருக்கிறதா என்றுகூட அவருக்குத் தெரியாது, உன் கையெழுத்து என்று மட்டும் தெரிந்துகொண்டு அடுக்கினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "ஏனுங்க, லாரி போயிருந்தா உங்கக்கா பையனுக்கு நாளைக்கே நாள் பாத்திருக்கலாமுங்களே" என்று கேட்டேன். நிமிராமலே சொன்னார். "அவ பரிச்சையில தோத்தா கூட்டியாந்து கட்டி வெப்பேன். என்ற மடிப்பு மேஜையில தோக்கக்கூடாது புள்ள. பொறவு அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்கறது." எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ போகக் கூடாது என்பதில் அவர் மாறவில்லை, நானும்தான், அவ்வளவு தூரம் நீ போனால் எனக்குச் சோறு இறங்காது. ஆனாலும் நன்றாக எழுது.

அட்டைகளைப் பனியன் பெட்டியிலேயே போட்டு அனுப்பியிருக்கிறேன். சனிக்கிழமை மறக்காமல் எண்ணெய் தேய்த்துக் குளி. இனிக் கம்பெனி அட்டையைத் தொட்டால் கையை உடைப்பேன். உன் வாய்க்குத் தகுந்த மார்க்கும் நீண்ட ஆயுளும் சிவன்மலை முருகன் உனக்குக் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
குழந்தையம்மாள்

பி.கு: பாட்னாவுக்குப் போன மூட்டையைப் பிடிக்க முடியவில்லை. அங்கே எவனோ பனியனைப் பிரித்து உன் வார்த்தைகளைப் படித்துக்கொண்டிருப்பான். அவன் அமெரிக்கா போவதற்குள் நீ போய்விடு.