காற்று பார்த்தாயா

பிப்ரவரி 3, திங்கள்

நான்கு முறை விழுந்தேன். ஒன்பது வருடமாக மைசூர்ச் சாலைகளில் பைக் ஓட்டி ஒருமுறைகூட விழாதவள், ஒரே காலையில், அறுப்பு முடிந்த ஒரு வயலில், நான்கு முறை.

என் தோழி தேச்சு சிரிக்கவில்லை. அவள் அண்ணன் மாச்சய்யா வரப்பில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தான். "வயலை உழுதாச்சு மேடம். விதை போட்டுரலாமா?"

ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயத்தை முடிக்கத்தான் இவர்கள் காப்பித் தோட்டத்துக்கு வந்தேன். கல்லூரி திறக்க இரண்டு வாரம் இருக்கிறது. ஒரு வரி எழுதவில்லை. வந்த அன்றே தேச்சு மண்ணில் ஓட்டும் தன் பழைய டர்ட் பைக்கில் என்னை ஏற்றிவிட்டாள். "நீதான் பெரிய ரைடராச்சே."

ஆச்சா?

பிப்ரவரி 4

தார்ச் சாலை வளைவில் வண்டியோடு சேர்ந்து சாய்வேன். எனக்குத் தெரிந்த ஒரே சரணாகதி அது. இங்கே வண்டியை மட்டும் சாய்க்க வேண்டும். நான் நிமிர்ந்தே இருக்க வேண்டும். உட்காரக்கூடாது, நிற்க வேண்டும். பின்சக்கரம் வழுக்கினால் என் விரல் தானாக முன்பிரேக்குக்குப் போகிறது. அடுத்த நொடி தரை.

"வழுக்கினா வழுக்கட்டும் விடுடி," என்கிறாள் தேச்சு. "ஆக்ஸிலேட்டரை முறுக்கு. இன்னும் முறுக்கு."

பயந்தால் வேகத்தைக் கூட்டு என்று ஓர் உடம்பிடம் எப்படிச் சொல்வது? இத்தனை வருடம் என்னைக் காப்பாற்றிய அதே விரல்தான் இங்கே என்னைத் தள்ளுகிறது. அப்படியானால் அது அறிவா, வெறும் பழக்கமா? மாணவர்களுக்கு இந்த வித்தியாசத்தை ஒரு பருவம் முழுக்க நடத்தியிருக்கிறேன்.

முழங்கை எரிகிறது.

பிப்ரவரி 6

ஒரு வளைவில் – ஒரே ஒரு வளைவில் – பின்சக்கரம் நழுவியது, நான் விட்டுவிட்டேன், அது தானே திரும்பி வந்தது. எப்படி? மறுபடி முயன்றேன். விழுந்தேன்.

பிப்ரவரி 7

ஞாயிற்றுக்கிழமை பந்தயம். தேச்சுவுக்கு, எனக்கல்ல. கோலாப்பூரிலிருந்து ஒரு பந்தய அணியின் மேலாளர் பார்க்க வருகிறார். அணியில் ஓர் இடம் காலி. கிடைத்தால் வருடம் முழுக்க வண்டி, பயணம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிடைக்காவிட்டால் ஏப்ரலிலிருந்து குஷால்நகரில் காப்பிக் கிடங்கில் அலுவலக வேலை. அப்பாவோடு அவள் செய்துகொண்ட ஒப்பந்தம் அது.

சாப்பிடும்போது பன்றிக்கறியைத் தள்ளி வைத்துவிட்டு ஒரு கடம்புட்டு அரிசி உருண்டையை உருட்டிக்கொண்டே இருந்தாள். "அது பந்து இல்ல, சாப்பிடற சாமான்," என்றான் மாச்சய்யா.

பிப்ரவரி 8, சனி

எந்த ஊரில் இருந்தாலும் சனிக்கிழமை காலை வண்டிக்குக் காற்று பார்ப்பேன். அண்ணனும் தங்கையும் பெயர் பதிய கோணிகொப்பலுக்குப் போயிருந்தார்கள். என் வண்டிக்கு அடித்துவிட்டு, கொட்டகையில் நின்ற அவளுடைய இரண்டு வண்டிகளின் சக்கரங்களையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன். பந்தய வண்டி, பழையது, இரண்டுமே மெத்தென்று இருந்தன. அளந்தால் காற்றழுத்தம் பன்னிரண்டுதான். நாளைக்குப் பந்தயம், இப்படியா வைத்திருப்பது? பாவம், அவள் நினைப்பு இங்கே இல்லை.

கால்பம்பு. முன்னால் இருபத்தெட்டு, பின்னால் முப்பத்திரண்டு. இரண்டு வண்டிக்கும். இடுப்பு ஒடிந்தது.

இந்த வாரத்தில் எனக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்தது இன்றுதான். அவளிடம் சொல்லவில்லை. செய்ததைச் சொல்லிக்காட்டுவானேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வழியில் ஒற்றை யானை. ஜீப்பை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "அவருக்கும் லைசென்ஸ் இருக்கு, பொறு," என்றான் மாச்சய்யா. போய்ச் சேர்ந்தபோது பயிற்சிச் சுற்றுகள் முடிந்து, பெயர்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

தேச்சு ஓடிக்கொண்டே பூட்ஸ் கொக்கியை மாட்டினாள். "காத்து பாத்தியாடி?"

"பாத்தேன். சரியா இருக்கு."

தலையாட்டினாள். போனாள்.

இரண்டாவது வளைவில் வண்டி அவளுக்கடியிலிருந்து உருவிக்கொண்டு போனது. எழுந்து ஓட்டினாள். அடுத்த சுற்றில் அதே வளைவில் மறுபடி. நான் ஒரு வாரமாக விழுவதைப் போலவே விழுந்தாள். அதைத்தான் பார்க்க முடியவில்லை. கோலாப்பூர்க்காரர் நான்காவது சுற்றில் காருக்குப் போய்விட்டார்.

ஒன்பதாவது இடம். பதினொரு பேர் ஓட்டினார்கள்.

பிப்ரவரி 10

"தடத்துக்குத் தண்ணி தெளிச்ச லாரிக்காரனை உதைக்கணும். வயலா, குளமா அது?" – மாச்சய்யா.

"தண்ணியும் இல்ல, வண்டியும் இல்ல. என் கைதான்," என்றாள் தேச்சு. "பயந்துருச்சு. அந்த ஆள் நிக்கறாருன்னு தெரிஞ்சதும் என் கையே என்னுது இல்ல."

வீங்கிய மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறாள். யாருடையதோ போல.

பிப்ரவரி 12, புதன்

அவள் வயலுக்கு வரவில்லை. நான் மட்டும் பழைய வண்டியை எடுத்தேன். வியாழக்கிழமை ஒரு தடவை சரியாக வந்ததே, அந்த வளைவு. மூன்று முறை விழுந்தேன். முதல் நாளைவிட மோசம். ஒன்றுமே கற்கவில்லையா? கற்றது உடம்பிலிருந்து இறங்கிப் போய்விடுமா?

மாச்சய்யா வந்து வண்டியைத் தூக்கி நிறுத்தினான். சக்கரத்தை ஓர் உதை உதைத்தான்.

"இதென்ன, கருங்கல்லா? எவன் இதுக்கு இவ்ளோ காத்து அடிச்சான்?"

தீக்குச்சியால் வால்வை அழுத்தினான். காற்று போய்க்கொண்டே இருந்தது. "மண்ணுல டயர் சப்பையா உக்காரணும் மேடம். அப்பதான் பிடிக்கும். பன்னெண்டு போதும். தார் ரோடா இது?"

ஏறினேன். வளைவு. வழுக்கியது, முறுக்கினேன், பிடித்தது. மறுபடி. மறுபடி. வயல் நடுவில் தனியாக நின்று சிரித்தேன்.

சிரித்து முடிந்த பிறகுதான் புரிந்தது.

கொட்டகைக்குப் போனேன். பந்தய வண்டி தார்ப்பாய்க்கு அடியில். கட்டைவிரலால் அழுத்தினேன். கல்.

பிப்ரவரி 13

சொல்லவில்லை.

காலையில் கையில் தீக்குச்சியோடு கொட்டகைக்குப் போனேன். இருபது புள்ளி குறைத்தால் போதும். என்ன நடந்தது என்று யாருக்கும் தெரியாது, பழி லாரித் தண்ணீர் மேலேயே போய்விடும். அழுத்தினேன். ஸ்ஸ் – ஒரு நொடி. சத்தம் வீடுவரை கேட்டது போல இருந்தது. விட்டுவிட்டு வந்தேன்.

அவளுக்காக நிறுத்தினேனா, பயந்து நிறுத்தினேனா?

பிப்ரவரி 14

வண்டியை விற்கிறாளாம். நாளைக்கு ஹுணசூரிலிருந்து ஆள் வருகிறார். குஷால்நகர்க் கிடங்குக்கும் போன் செய்துவிட்டாள், ஏப்ரல் வேண்டாம், மார்ச்சிலேயே வருகிறேன் என்று. "பயந்த கையை வச்சுக்கிட்டு என்னடி பண்றது?" என்றாள். மிகச் சாதாரணமாக.

நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன். கடவுளே, என்னால ஏன் வாயைத் தொறக்க முடியல? நல்லதுக்குத்தானே பண்ணேன். நல்லதுக்குப் பண்ணா தப்பு பாதியாயிருமா? ஆகாதா?

பிப்ரவரி 15, சனி

அவள் தார்ப்பாயை விலக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றே சொன்னேன்.

"அந்த டயருக்கு நான்தான் காத்து அடிச்சேன். பந்தயத்துக்கு மொத நாள்."

கை நின்றது. குனிந்து சக்கரத்தை அழுத்தினாள்.

"எவ்ளோ?"

"பின்னால முப்பத்திரண்டு."

நிமிர்ந்து தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு, "ஆறு நாளா என் கையைத் திட்டிட்டிருந்தேன்."

"தெரியாமதான் –"

"அது தெரியுது. உனக்கு எப்ப தெரிஞ்சது?"

"புதன்கிழமை."

"இன்னிக்கு சனிக்கிழமை," என்றாள்.

துணியைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைக் கடந்து போய்விட்டாள். அவள் கோபம் காற்றைப் பற்றி இல்லை, அந்த மூன்று நாளைப் பற்றி.

ஹுணசூர்க்காரர் வந்தார். வாசலிலேயே மாச்சய்யா கைகூப்பினான். "வண்டி விக்கறதா இல்லீங்க. மைசூர் மேடம் ஒண்ணு இருக்கு, வேணும்னா ஓட்டிட்டுப் போங்க." அவன் குரலில் சிரிப்பு இல்லை.

பிப்ரவரி 16

மைசூர். யாரும் வழியனுப்பவில்லை. அவர்கள் அம்மா மட்டும் அக்கி ஒட்டி என்ற அரிசி ரொட்டியைக் கட்டிக் கொடுத்தார்.

ஹுணசூருக்கு முன்னால், சாலையில் கொட்டிக் கிடந்த மணலில் பின்சக்கரம் நழுவியது. விரல் பிரேக்குக்குப் போகவில்லை. நழுவட்டும் என்று விட்டேன். திரும்பி வந்தது.

சந்தோஷமாக இல்லை.

மார்ச் 2

அத்தியாயத்தில் இரண்டு பக்கம். இரண்டையும் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

மார்ச் 9

தேச்சு போன். மூன்று வாரத்துக்குப் பிறகு.

"கோலாப்பூர்க்காரர்கிட்ட பேசி நடந்ததைச் சொன்னேன். எல்லாரும் ஒரு சாக்கு சொல்லுவாங்க, சக்லேஷ்பூர்ல ஓட்டிக் காட்டுங்கன்னு சொல்றார். அடுத்த ஞாயித்துக்கிழமை. அண்ணன் களத்துல காப்பி காயுதுன்னு வர மாட்டான். கூட ஒரு ஆள் வேணும்."

"நானா?"

"வேற யாரு இருக்கா," என்று வைத்துவிட்டாள்.

மன்னிப்பா? ஆள் இல்லாத குறையா? அந்தக் குரலை மனதுக்குள் எத்தனை முறை ஓட்டிப் பார்த்தாலும் பிடிபடவில்லை.

மார்ச் 16, ஞாயிறு. சக்லேஷ்பூர்

சரிவில் வெட்டிய தடம். செம்மண். கோலாப்பூர்க்காரர் குடைக்கடியில் ஏற்கெனவே வந்து நின்றார்.

தேச்சு காற்று அளக்கும் கருவியை என் கையில் கொடுத்தாள். நான் மண்டியிட்டு முன்னால் பார்த்தேன், பின்னால் பார்த்தேன். இரண்டு இரண்டு முறை.

"எவ்ளோ?"

"பன்னெண்டு. ரெண்டும்."

பெயரைக் கூப்பிட்டார்கள். கையுறையை மாட்டப் போனவள் நிறுத்தினாள். கருவியை என்னிடமிருந்து வாங்கினாள், குனிந்தாள், தானும் ஒருமுறை அளந்து பார்த்தாள். பிறகு கருவியை மறுபடி என்னிடமே கொடுத்துவிட்டுப் போனாள்.