பாக்கலாம் என்று சொன்னது

6 ஜூலை 2025, ஞாயிறு

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக முறுக்கை உடைத்தேன். வீட்டிலேயே சின்னச் சின்னதாக உடைத்து, டிஷ்யூவில் சுற்றி, கைப்பையின் அடியில் வைத்துவிட்டால் தியேட்டர் வாசலில் டிக்கெட் பார்ப்பவருக்கும் தெரியாது. உள்ளே கடிக்கும்போது முன்சீட்காரரும் திரும்பி முறைக்கமாட்டார். சுகுமாறன் தலை துவட்டிக்கொண்டே பார்த்துவிட்டு, "சிங்கப்பூர் கஸ்டம்ஸ்ல கூட இவ்வளவு பதுக்கல் நடக்கிறதில்ல" என்றார். வாரம் முழுக்க சிங்கப்பூர் துவாஸ் கப்பல் பட்டறையில் இருந்துவிட்டு சனிக்கிழமை சாயங்காலம் எல்லை தாண்டி இங்கே மூவாருக்கு வரும் கணவர். கஸ்டம்ஸ் பற்றி அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

படம்: கோடாரிப் படம். (தலைப்பெல்லாம் எனக்கு மனதில் நிற்பதில்லை. எந்தப் பொருள் நிற்கிறதோ அதுதான் பெயர்.) கதாநாயகன் கோடாரியைத் தூக்கும்போதெல்லாம் காற்று நின்று, தூசி நின்று, கோடாரியும் பாதியில் நிற்கிறது. எல்லாவற்றையும் சாதாரண வேகத்தில் ஓட்டியிருந்தால் நாங்கள் பகல் சாப்பாட்டுக்கு வீட்டில் இருந்திருப்போம். கதாநாயகிக்கு வசனமே செத்த பிறகுதான், அதுவும் நினைவுக் காட்சியில்.

என்னிடம் மூன்றே மார்க். பாக்கணும், பாக்கலாம், பாத்தாச்சு. கோடாரி, பாத்தாச்சு. ‘பாக்கணும்’ நான் லேசில் கொடுப்பதில்லை. மகள் லோஷினி ஈப்போவுக்குப் படிக்கப் போன பிறகும் ஞாயிறு தவறாமல் போன் செய்து, "மா, லாமா ணுமா?" என்றுதான் ஆரம்பிக்கிறாள்.

சுகுமாறன் அறிமுகப் பாட்டு முடிவதற்குள் தூங்கிவிட்டார். ‘இடைவேளை’ என்று எழுத்து வந்ததும் விழித்தார். இங்கே எந்தத் தியேட்டரில் இடைவேளை விட்டிருக்கிறார்கள்? எழுத்து வரும், அப்படியே படம் தொடரும். அவரும் அதேபோல, எழுத்தைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொடர்ந்தார். வெளியே வந்ததும், "நல்லா இருந்துச்சு" என்றார்.

காரில் வரும்போது சிக்னலில் கேட்டார். "யோகா, ஜொகூர் பாருல கேலாங் பாத்தா பக்கம் ஒரு வீடு வாடகைக்கு வருதாம். அங்கன்னா நான் தினம் பாலம் தாண்டி வேலைக்குப் போய்ட்டு வீட்டுக்கே வந்திடலாம். நாம அங்க போயிடலாமா?"

"பாக்கலாம்" என்று சொல்லி, மிச்ச முறுக்கை வாயில் போட்டுக்கொண்டேன்.

அவர் தனக்குள் சிரித்துக்கொண்டே ஓட்டினார். முறுக்கைப் பார்த்துச் சிரிக்கிறார் என்று நினைத்தேன்.

7 ஜூலை, திங்கள்

லேப்பில் என்னோடு ரத்தம் எடுக்கும் ஷாமளாவும் கோடாரியைப் பார்த்திருக்கிறாள். "அழுதுட்டேன்க்கா."

"எந்த இடத்துல?"

"ஹீரோவோட அம்மா சாகுறப்ப."

"அந்தம்மா போன படத்துலயே செத்தாச்சேடி. அதே நடிகை, அதே சேலை."

"ரெண்டு தடவ செத்தா ரெண்டு தடவ அழக்கூடாதா லா?"

யோசித்தால், கெட்ட படத்துக்கு என்மேல் நம்பிக்கை இல்லை. நான் எங்கே அழவேண்டுமோ அங்கே வயலினால் முதுகில் குத்துகிறது. நல்ல படம் கதவைத் திறந்து வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். வேண்டுமென்றால் நான் உள்ளே போகலாம். இதை ஷாமளாவிடம் சொன்னேன். "கதவத் திறந்து போட்டா மழைத் தண்ணி உள்ள வராதாக்கா?" என்றாள்.

9 ஜூலை, புதன்

இப்போதுதான் ஞாபகம் வருகிறது. கோடாரியில் வில்லன் மூச்சு விடாமல் பேசி முடித்தான். கீழே மலாயில் ‘தாக் நாக்’ என்று மட்டும் போட்டார்கள். மாட்டேன், அவ்வளவுதான். அந்த மொழிபெயர்ப்பாளரிடமே படத்தையும் வெட்டக் கொடுத்திருக்கலாம்.

13 ஜூலை, ஞாயிறு

பாக்கணும்! எத்தனை நாளாயிற்று இப்படி எழுதி.

ஒரு வீட்டில் குக்கர் விசில் தொலைந்துவிடுகிறது. படம் முழுக்க அதைத்தான் தேடுகிறார்கள். தேடத் தேட அந்த வீட்டில் வேறு என்னென்ன தொலைந்திருக்கிறது என்று தெரியவருகிறது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை. மாமியார் கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்துவிட்டு, நிமிராமல் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறார். வயலின் இல்லை. அப்பாடா.

அந்தக் காட்சியில் திரும்பிப் பார்க்கிறேன், மனிதர் என் தோளில் சாய்ந்து தூங்குகிறார். கோடாரிக்கும் தூக்கம், இதற்கும் தூக்கம். பக்கத்தில்தான் இருக்கிறார், ஆனால் இல்லை. இது எனக்குக் கோபமா, வேறு ஏதாவதா?

அதற்கும் மேல் ஒன்று. கார் நிறுத்துமிடத்தில் அவருக்குப் போன் வந்தது. "ஆமா விஜயன், வீட்ல ஓகே சொல்லிட்டாங்க. போன வாரமே சொல்லியாச்சு." விஜயன் வீட்டுத் தரகர் என்று பிறகுதான் தெரிந்தது.

"நான் எப்பங்க ஓகே சொன்னேன்?"

"நீதான பாக்கலாம்னு சொன்ன."

"பாக்கலாம்னா பாக்கலாம்னுதான் அர்த்தம்!"

"நீ பாக்கலாம்னு சொன்ன படத்துக்கெல்லாம் நான் டிக்கெட் வாங்கிட்டுதான் இருக்கேன், யோகா."

ஒரு வார்த்தை — வாய்ல முறுக்கோட சொன்ன ஒரு வார்த்தை — அதை வச்சு ஊரையே மாத்திட்டாரு. கேட்டா என் மேலயே திருப்புறாரு.

14 ஜூலை, திங்கள்

விடியுமுன் பஸ் ஏறிப் போய்விட்டார். போன் இல்லை. நானும் செய்யவில்லை.

16 ஜூலை, புதன்

ஷாமளாவிடம் சொன்னேன். மருந்துப் பஞ்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். "அலமாக்! கோயில்ல நன்கொடை கேட்டா பாக்கலாம், சொந்தக்காரங்க விருந்துக்குக் கூப்பிட்டா பாக்கலாம். அது நோன்னு மாமாவுக்குத் தெரியாதாக்கா?"

தெரியும். ஊரார் சொன்னால் அவருக்குத் தெரியும். என் வாயிலிருந்து வந்தால்தான் அது ‘போகலாம்’. இத்தனை வருஷமாக அந்த அகராதியை எழுதிக் கொடுத்ததே நான்தானே.

சரி, எதற்காகப் போகமாட்டேன் என்கிறேன்? இங்கே ஐயாயிரம் கைகளையாவது எனக்குத் தெரியும். யாருக்கு எந்த நரம்பு ஒளிந்துகொள்ளும் என்று ஷாமளா என்னிடம்தான் கேட்பாள். சாயங்காலம் ஆற்றோரம் நடக்கலாம். உண்மையைச் சொன்னால், திங்கள் முதல் வெள்ளி வரை வீடு என்னுடையது. ரசம் வைக்காவிட்டால் கேட்க ஆளில்லை. என் படத்தில் அவர் கௌரவத் தோற்றம். வருவார், ஒரு பாட்டு, போய்விடுவார். எனக்கு அது பழகிவிட்டது.

பழகியதா, பிடித்ததா? ‘லாமா, ணுமா’ என்று லோஷினி கேட்டால் என்ன சொல்வேன்?

20 ஜூலை, ஞாயிறு

பேய்ப் படம். பாத்தாச்சு. பேயைவிடக் கதவு அதிகம் நடித்தது.

ஆனால் எழுத வந்தது அதை அல்ல.

நேற்று வந்ததிலிருந்து "உப்பு", "துண்டு" என்ற அளவுக்குத்தான் பேச்சு. யார் டிக்கெட் எடுப்பது என்ற ரோஷத்தில் கடைசி நேரத்தில்தான் எடுத்தோம். பக்கத்துப் பக்கத்து சீட் கிடைக்கவில்லை. அவர் எனக்கு முன்வரிசையில், ஓரமாக. பேய் வரும்போதெல்லாம் நான் பேயைப் பார்க்கவில்லை, அவர் தலையைப் பார்த்தேன். எப்போது சாயும் என்று. சாயவே இல்லை. படம் முடியும்வரை கம்பம் நட்ட மாதிரி உட்கார்ந்திருந்தார்.

காரில் முழுக்கதையையும் சொல்கிறார். அந்தப் பேய்க்கு வீட்டுச் சாவி எப்படிக் கிடைத்தது என்று எனக்கே தோன்றாத கேள்வி கேட்கிறார்.

"நீங்க தூங்கலையா?"

"தள்ளி உக்காந்தா எப்படித் தூங்கறது?"

"அப்படின்னா?"

சிக்னல் விளக்கைப் போட்டுத் திரும்பிக்கொண்டே சொன்னார். "அங்க ரூம்ல நாலு பேரு. ஒருத்தன் ஷிப்டுக்குக் கிளம்புவான், ஒருத்தன் ஷிப்டு முடிஞ்சு வருவான். லைட்டு அணையறதே இல்ல. இங்க வந்து படுத்தா திங்கட்கிழமை பஸ்ஸு ஞாபகத்துக்கு வந்திடுது. தியேட்டர்ல நீ பக்கத்துல படத்தத் திட்டி முணுமுணுத்துக்கிட்டே இருப்ப பாரு — ‘இவன் எதுக்கு இப்ப ஓடறான், இவளுக்கு வேற வேலை இல்லையா’னு — அதக் கேட்டுக்கிட்டே இருந்தா தூக்கம் தானா வந்திடும். வாரத்துல நான் ஒழுங்கா தூங்கறது அங்கதான்."

பிறகு, "சாப்பிட மீ வாங்கிட்டுப் போலாமா?" என்று கேட்டார். போலாம் என்றேன்.

நான் முணுமுணுப்பது எனக்கே தெரியாது. அவர் தூக்கத்தை நான் விமர்சனம் என்று படித்துக்கொண்டிருந்தேன். படத்துக்கு, சில சமயம் எனக்கும். படங்களை இவ்வளவு கூர்ந்து பார்க்கிறவள், பக்கத்து சீட்டை மட்டும் பார்க்கவில்லை.

21 ஜூலை, திங்கள்

அடுத்தவர் விமர்சனத்தை நம்பி நான் எந்தப் படத்தையும் ஒதுக்கியதில்லை. அந்த வீட்டுக்கு மட்டும் என் விமர்சனத்தை, வீட்டைப் பார்க்காமலே எழுதியிருக்கிறேன்.

24 ஜூலை, வியாழன்

லீவு போட்டேன். ஷாமளாவிடம் பல்வலி என்று சொன்னேன். ஜொகூர் பாரு லார்க்கின் பஸ் நிலையத்தில் இறங்கினால் விஜயன் காரோடு நின்றார். சுகுமாறனுக்குச் சொல்லக்கூடாது என்று போனிலேயே சொல்லி வைத்திருந்தேன். "சர்ப்ரைஸாக்கா?" என்றார். "இல்ல தம்பி, பிரிவியூ" என்றேன்.

வீட்டின் முதல் பாதி இழுவை. ஹாலில் தேவையில்லாத வளைவு, அதில் தேவையில்லாத பிளாஸ்டிக் கொடி. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். பக்கத்தில் ஆறு கிடையாது. இந்த இடத்திலேயே எழுந்து போயிருப்பேன். ஆனால் கடைசிவரை உட்காராமல் மார்க் போடுவதில்லை என்பது என் கொள்கை.

பின்னால் ஒரு படுக்கையறை. விஜயனை வெளியே நிற்கச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். சாலை கேட்கவில்லை. பக்கத்து வீட்டு டிவி கேட்கவில்லை. ஜன்னலில் திரையை இழுத்துவிட்டால் பகலிலும் தியேட்டர் மாதிரி இருட்டாகிவிடும். வெறுந்தரையில் உட்கார்ந்து, "இந்த வளைவை எந்த மடையன் கட்டினான்" என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். நன்றாகக் கேட்டது.

"எப்படிக்கா?" என்றார் விஜயன், வெளியே வந்ததும். "அடுப்படி மோசம்" என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன். மூவாரைவிட்டு வருவது வலிக்கும். வலிக்கட்டும். ஜொகூர் பாரு ஆட்களுக்கும் உடம்பில் ரத்தம் ஓடத்தான் செய்கிறது, எனக்கு வேலை கிடைக்கும். அந்த வீட்டுக்குப் போகிறோம். யாரிடமும் சொல்லவில்லை. ஷாமளாவிடம்கூட.

ஞாயிற்றுக்கிழமைக்கு நானே டிக்கெட் எடுத்துவிட்டேன். பக்கத்துப் பக்கத்து சீட். மூன்று மணி நேரம் ஓடும், படு மோசம் என்று எல்லாரும் சொல்கிற படம். ‘இடைவேளை’ என்று எழுத்து வரும்போது அவர் கண்ணைத் திறப்பார். அப்போது காதருகே குனிந்து, "பாக்கணும்" என்று சொல்வேன். படத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து மறுபடி தூங்கிவிடுவார். தூங்கட்டும். காரில் புரிய வைத்துக்கொள்ளலாம்.